ஒப்படைத்தலும் விலகி நிற்றலும்

இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்குச் செல்லும் வழியில், 1964ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின்னும் நிலைத்திருக்கும் கோதண்டராமர் கோயிலை விபீஷணன் அடைக்கலம் புகுந்த இடமாகவும், இராமநாதபுரத்துக்குத் தெற்கேயுள்ள திருப்புல்லாணியை இராமன் தருப்பைப் புல்லில் கிடந்து கடலரசனிடம் மூன்று நாள் வழி வேண்டிய இடமாகவும் மரபு போற்றுகிறது. ஒரே கடற்கரையின் இவ்விரு சரணாகதிகளுள் முன்னது பலித்தது, பின்னது பலிக்கவில்லை. புகுபவனுக்கு ஆகிஞ்சன்யம் எனப்படும் கையறு நிலையும், ஏற்பவனுக்குக் காக்கும் வல்லமையும் வேண்டும் என்றும், கடலரசன்முன் இராமன் கிடந்த சரணாகதியில் இவை இரண்டும் பொருந்தவில்லை என்றும் வைணவ ஆசிரியர்கள் இதற்கு விளக்கம் கூறுவர்.

இதனோடு இன்னொரு வினாவும் எழுந்தது: ஒப்படைத்தல் என்பது ஒரு செயலா, செயல் ஒழிதலா? வேதாந்த தேசிகர் வழியினர் வியாஜம் எனப்படும் சிறு முயற்சியேனும் உயிரின் பக்கத்தில் வேண்டும் என்றனர். பிள்ளை லோகாசாரியர் வழியினர் அப்ரதிஷேதம், அதாவது வரும் அருளை விலக்காதிருத்தலே போதும் என்றனர்.

இவ்வினா இன்று கறாரான வடிவில் எழும் இடங்களுள் ஒன்று கணினியின் இயக்க முறைமை. நெட்வொர்க் கார்டு கொண்டுவரும் தரவையெல்லாம் செயலியே எடுத்து நினைவகத்தில் வைத்தால் அதன் நேரம் அதிலேயே கழியும் என்பதால், கருவியே நினைவகத்தில் நேராக எழுதும் டிஎம்ஏ என்னும் முறை வகுக்கப்பட்டது. தரவு வந்து இறங்க ஒதுக்கிய பகுதி பஃபர். கருவியை ஆளும் மென்பொருள் டிரைவர். லினக்ஸ் இயக்க முறைமையின் மையப் பகுதியான கெர்னலில், டிரைவர் பஃபரை ‘மேப்’ செய்து ஒப்படைத்தது முதல் ‘அன்மேப்’ செய்து மீட்கும் வரை அது கருவிக்கு உரியது. இடையில் பார்க்க வேண்டுமானால் ‘சிங்க்’ என்னும் அழைப்பால் உரிமையை முறைப்படி மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆயினும், ஒப்படைத்த பஃபரைச் செயலி தொடாதபடி தடுக்கும் பூட்டு எதுவும் இல்லை. செயலி தான் படித்தவற்றைக் கேஷ் என்னும் விரைவு நினைவகத்தில், பெரும்பாலும் 64 பைட் வரிகளாக, படியெடுத்து வைத்துக்கொள்கிறது. கேஷையும் நினைவகத்தையும் வன்பொருளே ஒத்திசைக்காத ஆர்ம் வகைக் கணினிகளில், உரிமையைத் திரும்பப் பெறாமலே டிரைவர் பஃபரைப் படித்தால், கருவி புதிதாக எழுதிய பின்னும் பழைய படியே கண்ணில் படலாம். பஃபரின் ஓரத்தைப் பகிர்ந்துகொள்ளும் வரியில் வேறொரு மதிப்பை எழுதினால், அவ்வரி நினைவகத்துக்குத் திரும்பும்போது கருவி எழுதியதன்மேல் பழையது படிந்துவிடலாம். இன்டெல் வகைக் கணினிகளில் வன்பொருளே இதைச் சரிசெய்துவிடுவதால், அதே பிழை அங்கே நெடுங்காலம் வெளிப்படாமலே கிடக்கும்.

அனுமனைப் பிணித்த பிரம்மாஸ்திரம், அரக்கர் அது போதாதென்று கயிற்றாலும் கட்டியவுடன் தானே நெகிழ்ந்தது என்னும் கதையைச் சரணாகதிக்குச் சான்றாகக் கூறும் மரபு சுட்டுவதும் இத்தகைய குறுக்கீட்டையே. ஏற்பவரின் வல்லமை பற்றிய விதிக்கும் இங்கே இணை உண்டு: 32 பிட் முகவரி மட்டுமே அறிந்த கருவிக்கு 4 ஜிபிக்கு அப்பாலுள்ள பஃபர் எட்டாது என்பதால், கெர்னல் எட்டும் இடத்தில் இடைப் பஃபர் ஒன்றை வைத்துப் படியெடுத்துத் தருகிறது.

ஒப்புமைக்கு எல்லைகளும் உண்டு. செயலி ஒப்படைப்பது இயலாமையால் அன்று, நேரம் கருதியே. கொடுத்ததைத் திரும்பவும் பெறுகிறது. ஐஓஎம்எம்யு என்னும் வன்பொருள் இருக்குமிடத்தில், மேப் செய்த முகவரிகளுக்கு அப்பால் கருவி போகாதபடி வேலியும் இடப்படுகிறது. சரணாகதியோ ஒருமுறையே செய்வது. அதில் திரும்பப் பெறுதலும் இல்லை, வேலியும் இல்லை. எனினும் இரு வழியினரின் வழக்குக்கு இது ஒரு தெளிவு தருகிறது. மேப் செய்யும் சிறு செயல் இன்றி ஒப்படைப்பு தொடங்குவதில்லை. அதன்பின் குறுக்கிடாமை இன்றி அது நிறைவேறுவதுமில்லை. கையை நீட்டத் தடையேதும் இல்லாதபோதும் நீட்டாதிருக்கும் அந்த இடைக்காலத்தையே ஒப்படைத்தலின் மெய்யான பகுதியாகக் கொள்ள வேண்டும்.