வந்ததை அனுப்பினேன், சுவாமி



எட்டாம் கற்பனையின் பேரில் ஆத்தும சோதனை செய்யும்போது வாயால் சொன்ன பொய்களை எண்ணிப் பார்க்கிறோம். விரலால் அனுப்பியதைக் கணக்கில் சேர்ப்பவர் சிலரே. கேட்டால், "செய்தியை நான் எழுதவில்லையே சுவாமி, வந்ததை அனுப்பினேன்" என்பார்கள்.

2018-ம் வருஷம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பிடிக்கிற கூட்டம் ஊருக்குள் நுழைந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்தது. அந்த மே மாதம் சென்னையிலிருந்து குலதெய்வக் கோவிலுக்குக் காரில் போன சிலர், திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே வழி கேட்க நின்றார்கள். அவர்களில் 65 வயது மூதாட்டி ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். ஜனங்கள் கூடி அவர்களை அடித்தார்கள், மூதாட்டி இறந்துபோனார். அடித்தவர்கள் ஓர் ஊரார். அந்த வதந்தியைக் கைமாற்றிவிட்டவர்களோ எத்தனையோ ஊரார். அயலானை எச்சரித்து நன்மை செய்தோம் என்றே அவர்களில் அநேகர் நினைத்திருப்பார்கள்.

கண்டதையும் அறிந்ததையும் சொல்பவனே சாட்சி. காணாத குற்றத்தை நீங்கள் பத்துப் பேருக்கு அனுப்பினால், பத்துப் பேர் முன்னிலையில் சாட்சி சொன்னவர் ஆகிறீர்கள். அனுப்புவது இருக்கட்டும், போதிய ஆதாரமின்றிப் பிறன் குற்றத்தை மெய்யென்று மனதுக்குள் ஏற்றுக்கொள்வதே பாவம் என்று திருச்சபை போதிக்கிறது.

ஆகையால் ஒரு செய்தி வந்தால், எழுதியவர் யார், எந்தத் தேதியில், எந்தப் பத்திரிகையில் என்று பாருங்கள். படம் இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். 2023 மார்ச்சில் காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பானவர் பருத்த வெள்ளைக் குளிர்கோட்டு அணிந்ததாக வந்த படம் கம்ப்யூட்டர் உண்டாக்கியது. (அதனால் யாருக்கும் சேதமில்லை, சிரித்துவிட்டுப் போனோம்.) வாட்ஸ்அப் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி கண்டால், அது பல கை மாறி வந்தது என்று அறியுங்கள். பலரும் அனுப்புவதால் மெய்யாயிருக்கும் என்கிறோம். எழுதியவன் எங்கோ தூரத்தில் இருக்கிறான் என்பதே அதற்கு அர்த்தம்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்களுக்கு ஒன்று. திருடினவன் பொருளைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டிருப்பது போல, பிறர் பெயரைக் கெடுத்தவனும் அதைச் சீர்ப்படுத்தக் கடமைப்பட்டவன். செய்தியை அழித்தால் போதாது. வாசித்தவர்கள் மனதில் அது கிடக்கிறது. எந்தக் குரூப்பில் அனுப்பினீர்களோ, அதே குரூப்பில் "நான் அனுப்பியது பொய்" என்று எழுத வேண்டும். வெட்கமாயிருக்கும். அன்பியக் குரூப்பில் தினமும் காலையில் ஞான வாக்கியம் அனுப்புகிறவர்களுக்கு இன்னும் அதிக வெட்கமாயிருக்கும். ஆனாலும் பாவசங்கீர்த்தனத்துக்கு வருமுன் அதை எழுதிவிட்டு வாருங்கள்.