ஓரமாய் நின்றவர்

முடிவு இன்னதென்று முதற்பக்கத்திலேயே தெரிந்துவிடும் கதையை மனிதர் ஏன் விரும்பிப் படிக்கின்றனர்? இக்கேள்வியை நம்முள் எழுப்பியவை அமெரிக்காவின் கௌபாய்க் காதல் நாவல் தொடர்கள். டெக்சஸிலோ மொன்டானாவிலோ ஒரு சிற்றூர். அங்கே ஒரு மாட்டுப் பண்ணைக்காரன்; அதிகம் பேசாதவன், பழந்துயரம் ஒன்றை நெஞ்சில் பூட்டி வைத்திருப்பவன். நகரத்தில் தோற்றுப்போன ஒருத்தி அவ்வூருக்குத் திரும்பி வருகிறாள். இருவரும் மணப்பர் என்பது அட்டைப் படத்தைப் பார்த்தாலே விளங்கிவிடும். மனத்துக்கு நிறைவும் நம்பிக்கையும் தரும் முடிவு இல்லாதது காதல் நாவலே அன்று என்று அமெரிக்கக் காதல் நாவல் எழுத்தாளர் சங்கமே வரையறுத்து வைத்தது. இருந்தும் வாசகர்கள், அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள், ஒன்றை முடித்தவுடன் அடுத்ததைக் கையில் எடுக்கின்றனர். கற்றோர் இதைக் கண்டு புன்னகைப்பர். நாமும் அவ்வாறு புன்னகைத்தவர்களே.

இக்கதைகளின் மூதாதை, ஓவன் விஸ்டர் 1902இல் வெளியிட்ட ‘த வர்ஜீனியன்’ எனலாம். வயோமிங் புல்வெளியில் மாடு மேய்ப்பவன் ஒருவன், கிழக்கே வெர்மான்டிலிருந்து வந்த பள்ளி ஆசிரியையை மணக்கும் கதை அது. அது அச்சேறியபோதே அந்த வாழ்க்கை மறைந்துவிட்டிருந்தது. உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபின், டெக்சஸ் மாடுகளை மந்தை மந்தையாகக் கான்சஸ் இரயில் நிலையங்களுக்கு ஓட்டிச் சென்ற காலம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளே நீடித்தது. 1874இல் காப்புரிமை பெற்ற முள்கம்பி திறந்த வெளிகளை அடைத்தது. 1886-87ஆம் ஆண்டின் கடுங்குளிர் மந்தைகளை மாய்த்தது. 1920ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அந்நாட்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகள் ஆகியிருந்தனர். அடுத்த வீட்டாரின் பெயர் அறியாது வாழத் தொடங்கியவர்களுக்கே, எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊர் இனிக்கத் தொடங்கியது போலும்.

ஆனால் ஏக்கம் மட்டுமே இத்தொடர்களின் கவர்ச்சியை விளக்கிவிடாது. டயானா பாமர் என்னும் ஆசிரியையின் ‘லாங், டால் டெக்சன்ஸ்’ தொடரைப் பாருங்கள். அதன் களம் ஜேக்கப்ஸ்வில். எந்த நிலப்படத்திலும் இல்லாத ஊர். 1988இல் வந்த முதல் நாவலின் நாயகன் கால்ஹூன். அதில் ஓரமாய் நிற்கும் அவன் அண்ணன் ஜஸ்டின், அடுத்த நாவலில் நாயகன் ஆகிறான். அந்நாவலின் நாயகியுடைய சகோதரன் டைலர், அதற்கடுத்ததில். இப்படியே ஊர் முழுவதும் ஒவ்வொருவராக முன்னுக்கு வருகின்றனர். முன்பு மணந்தவர்கள் பிற்கதைகளில் குழந்தையோடு கடைத்தெருவில் எதிர்ப்படுகின்றனர். பழகிய வாசகி அடுத்த நூலைத் திறக்கும்போது, மூலையில் நிற்கும் முரடனையும் சந்தேகத்தின் பலனை அளித்தே நோக்குகிறாள். இவனுக்கும் ஒரு கதை இருக்கும், அது இன்னும் எழுதப்படவில்லை, அவ்வளவே என்று எண்ணுகிறாள்.

நாம் சக மனிதரை அவ்வாறு நோக்குகிறோமா? சீட்டுக் கிழித்துத் தரும் நடத்துனரும் தெருப்பெருக்கும் அம்மையாரும் நமது கதையின் துணைப் பாத்திரங்களாகவே நின்றுவிடுகின்றனர். இலக்கியத் தராசில் நிறை குறைந்த இந்நூல்கள் இந்தப் பார்வையை ஒருவருக்குப் பழக்கித் தருமாயின், அவற்றை எளிதில் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

ஜானிஸ் ராட்வே என்னும் ஆய்வாளர், அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதிச் சிறுநகர் ஒன்றில் காதல் நாவல் படிக்கும் பெண்களிடம் உரையாடி, 1984இல் நூலாக வெளியிட்டார். கணவர்க்கும் பிள்ளைகளுக்கும் பணிசெய்து தீரும் நாளில், படிக்கும் அந்த நேரம் ஒன்றே தமக்கென உரியது என்று அப்பெண்கள் கூறினர். பிறரைப் பேணியே களைத்தவள், தான் பேணப்படுவதாக ஒரு மணி நேரம் எண்ணிப் பார்க்கிறாள். இதைக் குற்றம் எனலாமா? வீண்பொழுது என்று கடிந்துகொள்ளும் பெரியவர்கள், தமக்கு அன்று சோறு பொங்கியவர் யார் என்பதையும் சற்று நினைத்துக்கொண்டால் நன்று.

எனினும் நம் மனம் ஓரிடத்தில் இடறுகிறது. ஊரில் எல்லாருக்கும் ஒரு நூல் கிடைக்கிறது என்றோம். உண்மையில் எல்லாருக்குமா? அன்று மந்தை ஓட்டியவர்களுள் கணிசமானோர் கறுப்பின மக்களும் மெக்சிக மக்களும் ஆவர். கறுப்பினத்தார் பலர் அடிமைத்தளையிலிருந்து அண்மையில்தான் விடுபட்டவர்கள். பண்ணையைக் குறிக்கும் ‘ரேஞ்ச்’, சுருக்குக் கயிற்றைக் குறிக்கும் ‘லாசோ’ ஆகிய சொற்களே ஸ்பானிய மொழி தந்தவை. தொழிலையும் சொல்லையும் தந்தவர்களின் வழிவந்தோர், நெடுங்காலம் இக்கதைகளில் வேலி கட்டுபவராகவும் சமையற்காரியாகவும் மட்டுமே வந்து போயினர். அந்தப் புல்வெளியிலிருந்து துரத்தப்பட்ட பூர்வகுடியினரைப் பற்றிச் சொல்லவே வேண்டா. இன்பமான முடிவைப் பொய் என்று நாம் சொல்லமாட்டோம். வாழ்விலும் மனிதர் மகிழ்வதுண்டு. அந்த மகிழ்ச்சிக்கு வேறு எவரும் விலை கொடுக்கவில்லை என்று நம்பவைப்பதே பொய்.

ஊரின் கண்களைக் குறித்தும் இவ்வாறே சொல்லலாம். கதையில் ஊர்வம்பு பேசும் கிழவியர் ஈற்றில் இருவரையும் சேர்த்துவைக்கின்றனர். சிற்றூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதே வம்பின் வேறொரு முகமும் தெரியும். அதற்கு அஞ்சி இரவோடிரவாக ஊரைவிட்டுச் சென்றவர்களும் உண்டு.

பெவர்லி ஜென்கின்ஸ் என்னும் கறுப்பின எழுத்தாளர் 2009இல் ‘பிளெஸ்ஸிங்ஸ்’ என்ற தொடரைத் தொடங்கினார். அது கௌபாய்க் கதை அன்று, சிற்றூர்க் கதை. விடுதலை பெற்ற அடிமைகள் கான்சஸில் நிறுவிய ஹென்றி ஆடம்ஸ் என்னும் கற்பனை ஊர் கடனில் மூழ்கி விற்பனைக்கு வருகிறது. கணவனைப் பிரிந்து, அதனால் பெரும்பணம் பெற்ற ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி அதை வாங்குகிறார். அவர் முதலில் செய்வது, அரசின் பொறுப்பில் வீடு வீடாக மாற்றப்பட்டு அலைந்த பிள்ளைகள் சிலரை அங்கு அழைத்து வருவது. காலியாய்க் கிடந்த ஊரில் அவர்களை ஏற்று வளர்க்க ஒவ்வொருவராய்ப் பெரியவர்கள் முன்வருகின்றனர். அப்பிள்ளைகளோ, இங்கும் எத்தனை நாளோ என்ற ஐயத்தோடுதான் வந்து இறங்குகின்றனர்.