யயாதியும் கூரியர்காரனும்

உட்காருங்கோ, பின்னால நிக்கறவா முன்னாடி வரலாம். வாஷி ஸ்டேஷன்ல இறங்கி, ரகுலீலா, இன்னார்பிட் ரெண்டு மாலையும் தாண்டி பகவத் கதை கேக்க வந்திருக்கேளே, அதுவே பெரிய வைராக்யம்! (சிரிப்பு)

நேத்து எங்க விட்டோம்? யயாதி ராஜாவுக்குக் கிழத்தனம் வரட்டும்னு சுக்ராச்சாரியார் குடுத்த சாபத்துல. அதை மாத்திக்கச் சொல்லி பிள்ளைகள்ட்ட கேட்டான். யது, துர்வசு, த்ருஹ்யு, அனு, நாலு பேரும் கிழத்தனம் வேண்டாம்னுட்டா. கடைக்குட்டி பூரு, 'எடுத்துக்கோங்கோப்பா'ன்னு யௌவனத்தைக் குடுத்தான். ஆயிரம் வருஷம்! போதும்னு தோணித்தோ? நெய்யை விட்டா நெருப்பு அணையுமா, ஆசையும் அப்படித்தான்னானே, அந்த யயாதி.

இப்ப எதுக்கு யயாதிங்கறேளா? குடியை விட்டுப் பத்துப் பன்னெண்டு வருஷமானவா சில பேர் எங்கிட்ட வரா. 'பாட்டிலைத் தொடறதில்லை மாமா. ஆனா ராத்திரி ஃபோன்ல ஏதாவது ஆர்டர் பண்ணாட்டா தூக்கம் வரலை.' மூணு மிக்ஸி வாங்கினவர் இருக்கார். சமைக்கறது ஒரே மாமி! பார்சல் வர வரைக்கும் படபடப்பு, பிரிச்சா சப்புனு ஆயிடறது. உடனே அடுத்த ஆர்டர். டப்பாவை எங்க ஒளிச்சு வெக்கறார்? முன்னே பாட்டிலை வெச்ச அதே பீரோவுக்குப் பின்னால!

சிரிக்காதீங்கோ, குடி போய் வாங்கற வெறி வர அந்த வரிசையைத்தான் சொல்றேன். இது புதுசில்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-ல அமெரிக்காவுல வந்தது. அதுல இருந்து குடியை நிறுத்தினவா சில பேர், பணத்துல தலைகுப்புற விழறோமேன்னு தங்களுக்குள்ள கூட ஆரம்பிச்சா. 1976-ல நியூயார்க்ல டெட்டர்ஸ் அனானிமஸ், கடனாளிகளுக்குன்னே தனிக் கூட்டம். குடியை ஜெயிச்சவாளே பாருங்கோ! யயாதியோட அதே ஆயிரம் வருஷம்!

வள்ளுவர் கள்ளுண்ணாமையைப் பொருட்பால்ல, 93-வதா வெச்சார். அவாவறுத்தல் எங்கே? துறவறத்துல, 37. ஒண்ணை முடிச்சா இன்னொண்ணும் முடிஞ்சுதுன்னா ரெண்டு அதிகாரம் எதுக்கு?

இந்த வாங்கற வெறிக்கு ஊரும் ஒத்தாசை பண்றது. குடிச்சுட்டு வந்தா வாசல்ல நிறுத்தின சொந்தக்காரா, புது சோபா வந்தா 'பலே'ங்கறா. ஈஎம்ஐ எத்தனைன்னு ஒருத்தர் கேக்கறதில்லை. அதனாலதான் இது குடியைவிட மெதுவா வெளில தெரியறது.

பாட்டில் போன இடத்துல என்ன வெச்சோம், அதைச் சொல்லுங்கோ. நம்ம பாந்த்ராவுல, மவுண்ட் கார்மல் சர்ச்சுல, 1981-ல ஃபாதர் ஜோ பெரேரா 'கிருபா'ன்னு ஒரு மறுவாழ்வு மையம் ஆரம்பிச்சார். பாதிரியார், குடிநோயாளிகளுக்குச் சொல்லிக்குடுக்கறது பி.கே.எஸ். ஐயங்காரோட யோகாசனம்! கிருபைக்கு ஜாதியாவது மதமாவது. காலி இடத்தைக் காலியா விடப்படாதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. யயாதிக்கு அது தெரிய எத்தனை வருஷம் ஆச்சு? (ஆயிரம்! என்று கூட்டம்) ஆங்!

உங்காத்துல அப்படி ஒருத்தர் இருந்தா கார்டைப் பிடுங்கி நாலு பேர் முன்னால மானத்தை வாங்காதீங்கோ. குடியை விடப் போன பழைய கூட்டத்துக்குப் போறதை நிறுத்திட்டாரான்னு மெள்ளக் கேளுங்கோ. நிறுத்தியிருந்தா நாளைக்கே கூடப் போங்கோ. ராத்திரி ஃபோன் ஹால்லயே இருக்கட்டும். சுண்டல் வாங்காம யாரும் கிளம்பப்படாது. அதை மட்டும் ரெண்டு தரம் வாங்கலாம்!