அந்தப் பூவில் என் பங்கு

சாமிக்கு வைக்கும் பூவுக்காக நாம் பாடுபட்டிருக்க வேண்டுமா? இதை என்னிடம் கேட்டவர் என் அக்கா. சிவகாசியில் பிறந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்டவர். அங்கே வீட்டுக் கொல்லையில் துளசியும் பிச்சியும் மருக்கொழுந்தும் வைத்து, விடியுமுன் எழுந்து தண்ணீர் ஊற்றி, களை பறித்து, பூச்சி பார்த்து, ஆடிப்பூரத்துக்குத் தன் கையால் மாலை கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பவர். என் வீட்டுச் சுவரில் சிவப்பு ரோஜா ஏறிப் பூத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, “இதுக்கு என்ன பண்டுதம் பார்க்கிற?” என்றார். “பெருசா ஒண்ணுமில்லக்கா. தண்ணி வாரப்ப ஊத்துவேன். மழைக்கு முந்தி ஒரு கூடை மாட்டுக்குப்பை. அவ்வளவுதான்” என்றேன். “அப்ப நீ சாமிக்கு வைக்கிற பூவுல ஒன் பங்கு என்னய்யா இருக்கு?” என்று கேட்டார்.

அவர் வாழும் ஊரை நினைத்தால் இந்தக் கேள்வியின் கனம் தெரியும். பெரியாழ்வார் வேதம் ஓதுவதையும் வாதம் செய்வதையும்விட நந்தவனம் வளர்ப்பதையே தன் தொண்டாக எடுத்துக்கொண்ட ஊர் அது. அந்தத் துளசிச் செடிகளின் அடியில்தான் ஆண்டாள் கிடைத்தாள் என்பது மரபு. இன்றைக்கும் புரட்டாசி பிரம்மோற்சவத்தில் கருட சேவையன்று திருமலையப்பன் சூடுவதற்கு அங்கிருந்து மாலை போகிறது. ஆண்டாள் கையிலுள்ள கிளியை இலைகளாலேயே முடைந்து, மாதுளம் மொட்டை அலகாக வைத்து, அன்றாடம் புதிதாகச் செய்கிறார்கள். ஒரு நாளைக்கு மட்டும் இருக்கும் பொருளுக்காக மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்கிற கைகளைப் பார்த்து வளர்ந்த பக்தி அக்காவுடையது. அதற்கு முன்னால் என் ரோஜா சோம்பேறியின் காணிக்கையாகத்தான் தெரியும்.

அவர் பக்கத்துக்கு இன்னும் பலமான சாட்சி அனந்தாழ்வான். திருமலையில் குளிரில் கிடந்து பூத்தொண்டு செய்ய யார் போவீர்கள் என்று ராமானுஜர் திருவரங்கத்தில் கேட்டபோது எழுந்து நின்றவர் அவர். மலைக்கு வந்து நந்தவனம் அமைத்தார். அதற்குத் தண்ணீர் வேண்டும் என்று ஏரி வெட்டத் தொடங்கினார். அவர் வெட்ட, பிள்ளைத்தாய்ச்சியான மனைவி மண் சுமந்தார். ஒரு சிறுவன் வந்து அந்த அம்மாவின் கூடையைத் தான் வாங்கிச் சுமந்தான். தொண்டில் பங்கு கேட்டு வந்தவன்மேல் வந்த கோபத்தில் அனந்தாழ்வான் கடப்பாரையை வீசினார். அது சிறுவனின் தாடையில் பட்டது. கோயிலுக்குள் போய்ப் பார்த்தால் பெருமாளின் மோவாயில் ரத்தம். அங்கே இன்றும் பச்சைக் கற்பூரம் சாத்துகிறார்கள். அந்தக் கடப்பாரை மகாதுவாரத்தில் தொங்குகிறது. என் உழைப்பில் கடவுளுக்கே இடம் தரமாட்டேன் என்கிற அன்பு அது. நான் அதை வணங்குகிறேன். ஆனாலும் அந்தக் கதையில் ஓர் இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். ஏரியை வெட்டியவர் அவர். அதை நிரப்பியது யார்? பையனின் கூடையைத் தடுத்த அவரால் மழையைத் தடுத்திருக்க முடியாது.

இனி என் செடிக்கு வருகிறேன். கிழக்குப் பார்த்த வாசலுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஒரு கட்டில் போடும் அளவுக்குத்தான் இடம். கீழே கரிசல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழையில் குழம்பிக் காலை இழுக்கும். வேர் அழுகாமலிருக்க இடுப்பளவு குழி தோண்டி, செம்மண்ணும் மணலும் மக்கிய குப்பையும் கலந்து நிரப்பினேன். பாடு என்று சொன்னால் அந்த ஒரு வாரப் பாடுதான். முதல் கோடையில் வேரைச் சுற்றி வைக்கோல் பரப்பித் தண்ணீர் விட்டுக் காப்பாற்றினேன். அதற்குப் பிறகு வேர் கரிசலுக்குள் இறங்கிவிட்டது. கரிசல் மேலே காய்ந்தாலும் ஆழத்தில் ஈரத்தை விடாது. மானாவாரிப் பருத்தி விளைவதே அதனால்தான். குழாய்த் தண்ணீர் நாள் கணக்கில் வராமல் போகும் எங்கள் ஊரில் இந்தச் செடி கேட்காமலே இருந்துவிடும். கருஞ்சிவப்பு இதழ் உச்சி வெயிலில் ஓரம் கருகும் என்பதால் கிழக்குச் சுவரைத் தேர்ந்தேன். காலை வெயில் போதும். மதியத்துக்குமேல் வீட்டு நிழல் விழுந்துவிடும்.

ஒட்டுச்செடி வாங்கவில்லை, குச்சி ஊன்றி வேர்விட்ட செடி. ஒட்டுச்செடியில் அடிக்கட்டையிலிருந்து காட்டு ரோஜா கிளம்பி நல்ல செடியை அமுக்கிவிடும். அதைக் கவனித்துக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் அந்த வேலை இல்லை. கவாத்தும் பெரிதாக இல்லை. காய்ந்த கிளையை மட்டும் எடுப்பேன்.

மெனக்கெட்டுச் செய்கிற ஒரே வேலை, நீளும் கிளையை வளைத்துப் படுக்கைவசமாகக் கம்பியில் கட்டுவது. ரோஜா பாகல் போலப் பற்றுக்கம்பி விடுவதில்லை, முல்லை போலச் சுற்றிக்கொள்வதும் இல்லை. முள்ளை மாட்டி ஏறும். நாம் கட்டாவிட்டால் சரிந்துவிடும். முருக நாயனார் திருப்புகலூரில் பறித்ததாகச் சொல்லும் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்ற நாலு வகையில் இதைக் கிளையில் சேர்ப்பதா, கொடியில் சேர்ப்பதா என்று எனக்குப் பலநாள் யோசனை. கிளையை நேரே ஏறவிட்டால் நுனியில் மட்டும் பூக்கும். நுனியில் ஊறும் ஆக்சின் என்ற சுரப்பு கீழே இறங்கிப் பக்க மொட்டுகளைத் தூங்க வைத்துவிடுகிறது. படுக்கவைத்துக் கட்டினால் அந்த அதிகாரம் தளர்ந்து, கணுவுக்குக் கணு ஒரு சிம்பு எழும்பி, சிம்புக்குச் சிம்பு பூ வரும். நான் செய்தது சணல் கயிற்றால் ஒரு முடிச்சு. சுவர் முழுக்கச் சிவந்தது.

இப்படித் தானாக வாழும் ரோஜாவுக்குப் பின்னாலும் யாரோ பாடுபட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கொடைக்கானலில் வீரராகவன், கிரிஜா தம்பதியர் வெப்பநாட்டுக்கென்றே ரோஜா உருவாக்குவதில் ஆயுளைச் செலவிட்டவர்கள். ஆட்சிப்பணி அதிகாரியாக இருந்தவர் வீரராகவன். ஐரோப்பியக் குளிருக்குப் பழகிய ரோஜாவை நம் வெயிலில் வாட்டுவதற்குப் பதிலாக, வங்காளத்திலும் பீகாரிலும் வெள்ளக்கரையில் வளரும் ரோசா கிளைனோஃபில்லாவையும் மணிப்பூர் மலையில் மரம் ஏறும் ரோசா ஜைஜாண்டியாவையும் இனக்கலப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். விதை போட்டு, காத்திருந்து, தேறாததைக் கழித்து, மறுபடி விதை போடும் வேலை. என் செடி அவர்கள் தோட்டத்து வகை அல்ல. ஆனால் எந்தச் சுவரில் எந்த ரோஜா எளிதாக வளர்ந்தாலும், பாடு அங்கே இல்லாமல் போகவில்லை. வேறொருவர் முன்பே பட்டிருக்கிறார்.

ஓய்வு பெறும்வரை ஆப்செட் அச்சகத்தில் கலர் பார்க்கும் வேலை எனக்கு. காலண்டருக்கு லட்சுமி, முருகன், பத்ரகாளி என்று எத்தனையோ சாமிப் படங்களைச் சரிபார்த்திருக்கிறேன். அம்மன் பாதத்தில் கிடக்கும் ரோஜாவின் சிவப்பு, மஞ்சள் புள்ளியின்மேல் மெஜந்தாப் புள்ளி விழுவதால் வருவது. பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தால் பூ இரண்டாகிவிடும். அந்தச் சிவப்பைச் சிவப்பாக்க நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதனால்தான், சுவரில் ஒரு சிவப்பு எந்தத் திருத்தமும் கேட்காமல் வந்து நிற்கும்போது, நான் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

அக்காவுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். உழைத்து வளர்த்த பூவிலும் நம் பங்கு சிறியதுதான். உழைப்பின் களைப்பு அதைப் பெரிதாகக் காட்டுகிறது. இந்தச் செடி அதை உள்ள அளவில் காட்டுகிறது. ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. பிச்சி வாடினால் கூப்பிடும், நாம் ஓடுவோம். இந்த ரோஜா கூப்பிடாது. பத்து நாள் பார்க்காவிட்டாலும் பூத்து, உதிர்ந்து, மறுபடி பூக்கும். தேவை இழுக்காதபோதும் தினம் அதன்முன் போய் நிற்பது நம் விருப்பத்தால் மட்டுமே நடக்க வேண்டும். என் பங்கு என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான் இருக்கிறது. அனந்தாழ்வான் மண்வெட்டி பிடித்தபோது அவரை இழுத்தது செடியின் தாகம் அல்ல. குரு ஒரு கேள்வி கேட்டார், இவர் எழுந்தார்.

இன்னொன்றையும் இந்தச் செடி எனக்குக் கற்றுத்தந்தது. அக்கா தன் பிச்சியை யாரையும் தொடவிடமாட்டார். அது ஆண்டாளுக்கு என்று வைத்தது. என் பூவை என்னுடையது என்று நான் நினைக்காததால் கதவை அடைக்கவும் தோன்றவில்லை. எங்கள் தெரு முக்கில் காலையில் பெண்கள் பட்டாசு ஆலை வேனுக்காக நிற்பார்கள். எல்லாரும் பருத்திச் சேலை; நைலான் உடுத்தி உள்ளே போகக்கூடாது. ஆலை அறை வாசலில் உலோகத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் நுழைய வேண்டும். மாலையில் இறங்கும்போது அலுமினியப் பவுடர் ஏறிக் கையெல்லாம் வெள்ளி நிறமாக இருக்கும். அவர்களில் ஒருவர் ஒருநாள் கேட் பக்கம் வந்து, “சாமிக்கு வச்சிருக்கீகளா அண்ணாச்சி?” என்று கேட்டார். “பறிச்சுக்கோ தாயி” என்றேன். அன்றிலிருந்து தினமும் வேன் வருமுன் பறித்துத் தலையில் வைத்துக்கொள்கிறார்கள்.

கோயிலில் படமாக இருக்கும் இறைவனுக்குக் கொடுத்தது நடமாடும் அடியாருக்குப் போய்ச் சேராது, அடியாருக்குக் கொடுத்தது இறைவனுக்குப் போய்ச் சேரும் என்பது திருமூலர் காட்டிய வழி. சாமிப் படம் அச்சடித்தே சோறு தின்ற எனக்கு அந்த வாக்கு நேரே சொன்னது போலிருக்கிறது. வேனில் ஏறுகிறவர் மாலையில் திரும்பி இறங்க வேண்டுமே என்று வீட்டில் ஒருவர் நினைத்துக்கொண்டே இருக்கும் ஊர் இது. அந்தத் தலைக்குப் போகாத பூ பத்ரகாளிக்கு மட்டும் எப்படி உவக்கும்?

ஆனி, ஆடிக் காற்றில் பூ குறைந்துவிடும். நாலே பூ இருந்தால் நாலும் வேனுக்காக நிற்பவர்களுக்குத்தான். அன்றைக்கு அம்மன் படத்துக்கு வேப்பிலைக் கொத்து வைக்கிறேன். தனக்கு எது கொடுத்தால் போதும் என்று கீதையில் கண்ணன் எண்ணிச் சொல்லும்போது முதலில் சொல்வது இலையைத்தான். பூ அதற்கு அடுத்துத்தான் வருகிறது.