ஒளித்து வைத்த இரை

2023 பெப்ரவரி 2ஆம் திகதி இரவு, நியூயோர்க் சென்ற்ரல் பார்க் மிருகக்காட்சிச்சாலையில் யாரோ ஒரு கூட்டின் கம்பிவலையை வெட்டிவிட்டார்கள். உள்ளே இருந்த ஃபிளாக்கோ என்ற கொம்பன் ஆந்தை பறந்துபோனது. 2010இல், பிறந்த வருடமே அங்கு கொண்டுவரப்பட்ட பறவை. வெளியே வேட்டையாடிய அனுபவம் இல்லை. பட்டினியால் செத்துவிடும் என்று பயந்தார்கள். இரண்டு கிழமைக்குள் அது எலி பிடித்துத் தின்றது. பன்னிரண்டு வருடம் கொடுத்ததைத் தின்றிருந்தும் அதன் நகம் வேலையை மறக்கவில்லை.

அப்படியென்றால், இன்னும் கூட்டிலிருக்கும் ஆந்தைகளுக்கு மனிதர் என்ன கடமைப்பட்டிருக்கிறார்கள்?

நல்ல பராமரிப்பாளர்கள் இப்போது இறைச்சியைத் தட்டில் வைத்துவிட்டுப் போவதில்லை. செத்த எலியை மயிரோடும் எலும்போடும் முழுதாகக் கொடுக்கிறார்கள். சருகுக்குள், மரப்பொந்துக்குள், காகிதப் பெட்டிக்குள் ஒளிக்கிறார்கள். நேரத்தை மாற்றி, பொழுதுபட்ட பிறகு வைக்கிறார்கள். கயிற்றில் கட்டி இழுக்கிறார்கள். சத்தமில்லாமல் பறக்கும் சிறகும் சருகின் அசைவைக் கேட்கும் காதும் சும்மா கிடக்கக்கூடாது என்பதற்காக.

உயிருள்ள எலியை விட்டால் என்ன? சுவிற்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகள் அதைச் சில நிபந்தனைகளுக்குள் மட்டுமே அனுமதிக்கின்றன. அதில் நியாயம் உண்டு. செத்த எலியும் கொல்லப்பட்டதுதான். ஆனால் ஓட இடமில்லாத கூட்டில் துரத்தப்படும் பயம் அதற்கில்லை. ஒரு கைதியின் துயரத்தைத் தீர்க்க இன்னொரு கைதியை உள்ளே விடுவது அறமாகாது.

2011இல் பவேரியாவில் ஓர் அகதி முகாமில் எங்களுக்குக் கிழமைக்கு இரண்டு முறை சாப்பாட்டுப் பொதி தந்தார்கள். பசி இருக்கவில்லை. ஆனால் முதல் வருடம் வேலை செய்ய அனுமதியும் இருக்கவில்லை. எங்களில் ஒருவர் சம்பலுக்குச் செத்தல் மிளகாய் தேடி ஆறு கிலோமீற்றர் நடந்தார். பக்கத்திலேயே ஒரு கடை இருந்தது பிறகு தெரியவந்தது. அவர் தொடர்ந்தும் தூரத்துக் கடைக்கே போனார். அப்போது சிரித்தோம். இப்போது விளங்குகிறது.

ஒளித்தவருக்கு இரை இருக்கும் இடம் தெரியும். ஆந்தை தோற்றாலும் பட்டினி கிடக்க விடமாட்டார். அப்படியானால் இது நாடகம்தானே என்று கேட்கலாம். தேடும் ஆந்தைக்கு அது நாடகமல்ல, உழைப்பு உண்மையானது. இதோடு கூட்டின் கணக்குத் தீர்ந்தது என்று பராமரிப்பாளர் நினைக்கும்போதுதான் அது பொய்யாகிறது. கூடு கூடுதான்.

2024 பெப்ரவரி 23ஆம் திகதி ஃபிளாக்கோ ஒரு கட்டிடத்தில் மோதிச் செத்தது. பரிசோதனையில் புறாக்களிடமிருந்து தொற்றிய வைரஸ் நோயும், உடம்பில் நான்கு வகை எலிநஞ்சும் தெரியவந்தன. கூட்டிலேயே இருந்திருக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. அகதிகளுக்கு இந்தப் பேச்சுப் புதிதல்ல. வெளியில் வந்தது ஆந்தையின் பிழையல்ல. வெளியை நஞ்சாக்கியது ஆந்தையுமல்ல.

நாங்கள் கோப்பை கழுவும் றெஸ்ரோறண்டின் பின்கதவடியிலும் எலிநஞ்சு வைத்த கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. குப்பை கொட்டப் போகும்போது அதைத் தாண்டித்தான் போகிறோம். வாளிகளை இறுக்கி மூடினால் எலி குறையும் என்று முதலாளியிடம் இரண்டு முறை சொல்லிவிட்டோம். மூன்றாம் முறையும் சொல்ல வேண்டும்.