விலைக்கு வாங்கிய நற்பெயர்

ஐந்து நட்சத்திரங்களுக்கு இன்று சந்தையில் விலை உண்டு. இத்தனை வெள்ளிக்கு இத்தனை இணையப் பாராட்டு என்று கட்டுக்கட்டாக விற்கிறார்கள். கடை திறந்து ஒரு வாரம் ஆகாத உணவகத்துக்கு, அதன் வாசலையே மிதிக்காதவர்கள் ‘அம்மாவின் கைப்பக்குவம்’ என்று எழுதித் தருகிறார்கள். பாராட்டு எழுதினால் காசு என்று டெலிகிராமில் ஆசை காட்டி, வேலை தேடும் பிள்ளைகளிடமே பணத்தைப் பிடுங்கும் மோசடியும் மலேசியாவில் இதே சரக்கை வைத்துத்தான் நடக்கிறது. அமேசான் நிறுவனம் 2022இல் போலிப் பாராட்டுக்கு ஆள் பிடித்த 10,000க்கும் மேற்பட்ட பேஸ்புக் குழுக்களை நடத்தியவர்கள்மீது வழக்குப் போட்டது. போலிப் பாராட்டைத் தடைசெய்யும் விதி அமெரிக்காவில் 2024 அக்டோபரிலும் பிரிட்டனில் 2025 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தது.

பேராக் தமிழர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று; புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் இங்கும் இருக்கிறார்கள். இந்தியச் சிறுவணிகர்களுக்கான தெக்குன் ஸ்பூமி கடன் திட்டத்துக்கு 2024இல் கூடுதலாக 3 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தபின் லயங்களை விட்டு ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் தெலுக் இந்தானுக்கும் குடிவந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று பலகாரமும் பூமாலையும் பந்திச் சமையலுமாகத் தொழில் தொடங்குகிறார்கள். அவர்களிடம் சரக்கு இருக்கிறது, பெயர் இல்லை. அந்தப் பெயரைக் காசு கொடுத்து வாங்கலாமா?

கூடாது. பிழைப்புக்காகவும் கூடாது, போட்டிக்காரர் செய்கிறார் என்பதற்காகவும் கூடாது.

நம் முன்னோர் வணிகத்தை அறத்துக்கு வெளியே வைக்கவில்லை. பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பேணுவதே வாணிகம் என்னும் கருத்தை வள்ளுவர் வைத்த இடம் நடுவுநிலைமை அதிகாரம். பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள், வாங்கும்போது மிகுதியாக வாங்காமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் விலையை வெளிப்படச் சொல்லி விற்றவர்கள். அளவும் விலையும் எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்பதே அவர்கள் முறை. முன்பின் அறியாதவர் வந்து இறங்கும் துறைமுகத்தில் அப்படித்தான் வணிகம் நிலைத்தது.

சிலப்பதிகாரம் இன்னும் ஆழமாகப் பேசுகிறது. மதுரைக் கடைத்தெருவில் கோவலன் புதியவன்; கையில் விலைமதிப்பற்ற சிலம்பு, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பொற்கொல்லனுக்கோ அரண்மனைவரை பெயர் இருந்தது. கோவலனே அரசியின் சிலம்பைத் திருடியவன் என்று அவன் சொன்னதும் பாண்டியன் சிலம்பை ஆராயவில்லை, சொன்னவன் யார் என்று மட்டும் பார்த்தான். கொலையுண்ட கோவலனின் மனைவி கண்ணகி அவைக்கு வந்தபோது தனக்காகப் பேச யாரையும் அழைத்து வரவில்லை. சிலம்பை உடைத்தாள், அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள், இவள் சிலம்பிலிருந்து தெறித்தவை மாணிக்கங்கள். சாட்சியைவிடச் சரக்கைத் திறந்து காட்டுவதே வலியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தோட்டத்து மக்கள் இதைக் காப்பியம் படித்துக் கற்கவில்லை. பால் கொட்டகையில் நிறுவை நடக்கும்போது தொழிலாளியின் கண் தராசை விட்டு அகலாது. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கிராணி மெட்ரோலாக் என்னும் அளவைக் கருவியை மிதக்கவிட்டுப் பார்ப்பார். இருவருக்கும் ஒருவர்மீது ஒருவருக்குச் சந்தேகம்தான், ஆனாலும் அளவை இருவர் கண்முன்னாலும் நடந்தது. ஈப்போ புந்தோங்கின் கச்சாங் பூத்தே வியாபாரிகளும் பெயரெடுத்தது கடலையையும் முறுக்கையும் தின்று பார்த்தவர்களின் நாவால்தான். அவர்களை எந்த நட்சத்திரமும் தூக்கிவிடவில்லை.

நம்பிக்கை ஒருவருடைய தனிச்சொத்து அன்று என்பதற்கும் பேராக்கே சாட்சி. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தவித்த காலத்தில், 1960இல், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதுவும் அன்று பெயரில்லாத புதுத் தொழில்தான். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டச் சொன்னார்கள். அந்தப் பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். போட்ட பணம் எங்கே என்று கேட்டவருக்கு மரங்களைக் காட்ட முடிந்தது.

பின்னர் 1982இல் மைக்கா ஹோல்டிங்ஸ் வந்தது. அதை முன்னின்று தொடங்கிய ச. சாமிவேலுவும் அதே சுங்கை சிப்புட்டின் அன்றைய நாடாளுமன்ற உறுப்பினர். சமுதாயத்தின் நிறுவனம் என்ற சொல்லை நம்பி, நகையை அடகு வைத்தும் மாட்டை விற்றும் ஏறத்தாழ 66,000 பேர் 10 கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். 1990இல் இந்தியச் சமுதாயத்துக்கென ஒதுக்கப்பட்ட 1 கோடி டெலிகாம் பங்குகளில் 10 லட்சமே மைக்காவுக்குக் கிடைத்தது என்ற செய்தி பின்னர் வெளிவந்து நாட்டை உலுக்கியது. எல்லாவற்றையும் வாங்க மைக்காவிடம் பணமில்லை என்றார் சாமிவேலு. முடிவில் 2010இல், 1 வெள்ளிப் பங்குக்கு 80 காசு தர ஒருவர் முன்வந்தார். யார் குற்றவாளி என்பது இங்கே பேச்சில்லை. ‘சமுதாயத் தொழில்’ என்று பின்னால் யார் வந்து நின்றாலும், நேர்மையானவரானாலும், ‘மைக்கா மாதிரியா?’ என்ற கேள்வியைத் தாண்டியாக வேண்டியிருந்தது. போலிப் பாராட்டு வாங்குகிறவரும் தம் அளவில் இதையேதான் செய்கிறார்: அடுத்து வரும் புதியவரின் சொல்லுக்கு இருந்த மதிப்பைச் செலவழித்துவிடுகிறார்.

குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்று வள்ளுவரே விலக்களித்திருக்கிறாரே என்பார்கள். புதியவரின் நெருக்கடி மெய்தான்; வங்கி பழைய கணக்கைக் கேட்கிறது, வாடிக்கையாளர் பழைய கடையைத் தேடுகிறார். ஆனால் வள்ளுவர் வைத்த நிபந்தனை குற்றமற்ற நன்மை. பக்கத்துக் கடைக்காரரின் பிழைப்பைக் கெடுத்து, வாங்குபவரின் கண்ணைக் கட்டி வரும் ஆதாயத்துக்கு அந்தக் குறளைத் துணைக்கு அழைப்பது வள்ளுவருக்குச் செய்யும் அநீதி.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் மெதுவானது. ஆண்டுக்கு 60 வெள்ளி கட்டினால் தொழிற்பெயரைப் பதியலாம். அந்தச் சான்றிதழ் கடைச் சுவரில் தொங்கட்டும். விலை எழுதியிருக்கட்டும். கெட்டுப்போன சரக்குக்கு வாதாடாமல் பணம் திரும்பட்டும். ஏமாந்தவர் 5 வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளிவரை கோரலாம் என்பதை விற்பவரும் அறிந்திருக்கட்டும்.

கோவலனின் குறை இன்னும் மிச்சம் இருக்கிறது. மதுரையில் அவனை அறிந்து பேச ஒரு வணிகன் இல்லை. ஈப்போ லிட்டில் இந்தியாவில் தலைமுறையாகக் கடை வைத்திருப்பவர்களும் பேராக்கின் இந்திய வர்த்தகச் சங்கத்தாரும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். புதியவரின் சமையலை உண்டு பார்த்து, கணக்கைப் புரட்டிப் பார்த்து, குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லி, சரியாக இருந்தால் தம் பெயரைப் பணயம் வைத்து நாலு பேரிடம் சொல்லட்டும். அதற்குக் கூலி கேட்கக் கூடாது.