வழி சொல்லத் தெரிந்த ஊர்

வடசென்னைக்காரரிடம் வழி கேட்டுப் பாருங்கள், தெருப் பெயர் வராது. "கல்மண்டபத்துல இறங்கிக்கோங்க", "தேரடி தாண்டி யாரையாவது கேளுங்க", "அஜாக்ஸ் ஸ்டாப்பிங் வந்தா சொல்றேன், உக்காருங்கண்ணா" என்றுதான் வரும். மண்டபம், தேர், தொழிற்சாலை எல்லாம் எங்களுக்கு ஒரே வரிசை. வாய் ஓயாமல் அவற்றின் பெயரைச் சொல்கிறோம். போய் நின்று பார்க்கிறோமா என்றால், இல்லை. வெளியூர்ச் சொந்தம் வந்தால் மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போகிறோம், மெரினாவைக் காட்டுகிறோம். ராயபுரத்துக்காரர் யாரும் ராயபுரத்தைக் காட்டி நான் கண்டதில்லை.

சொந்த ஊரைப் பார்க்காமலே அங்கே ஓர் ஆயுளைக் கழித்துவிட முடியுமா? தாராளமாக முடியும். அதனால் ஏதாவது கெட்டுப்போகிறதா என்பதைத்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ராயபுரம் ரயில் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. மும்பையிலும் ஹவுராவிலும் அதற்கு முன்பே ரயில் ஓடிவிட்டது. ஆனால் அங்கே முதலில் கட்டிய நிலையங்கள் இப்போது இல்லை, இது நிற்கிறது. 2005இல் பழுதுபார்த்துப் புதுப்பித்தார்கள். சிவப்புச் சுவர், முகப்பில் வரிசையாக உயரத் தூண்கள். ஒருநாள் அந்தத் தூண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் பீடி பற்றவைத்த பெரியவர் கேட்டார்: "இதுல பாக்க இன்னாபா கீது?" நியாயமான கேள்வி. ஊரில் யாரும் அவருக்கு அந்த நிலையத்தின் கதையைச் சொல்லவில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் தாஜ்மகால் இருந்தது, தஞ்சைப் பெரிய கோயில் இருந்தது. அவர் தினமும் நிழலுக்கு ஒதுங்கும் கட்டடம் இல்லை.

திருவொற்றியூர் கோயிலில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆதிபுரீசுவரருக்கு ஆண்டு முழுக்கக் கவசம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள் மட்டும் திறப்பார்கள். அந்த நாள்களில் வரிசை தெருவைத் தொடும். சுந்தரர் சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துகொடுத்த கதையும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வரிசையில் நிற்கும்போது நம் தோள் உரசும் சுவரில் சோழர் காலத்து எழுத்து இருக்கிறது. இந்தக் கோயிலில் இலக்கணம் கற்பிக்க ஒரு மண்டபமே இருந்ததைச் சொல்வதும் இங்குள்ள கல்வெட்டுகள்தான். இந்த ஊரில் படிப்பு ஏறாது என்று பேசும் வாத்தியார்களை ஒருமுறை அந்தச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இதே ஊர்க்காரர் வீணை குப்பய்யரின் அழைப்பில் வந்த தியாகராஜர், வடிவுடையம்மன் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். கச்சேரி மேடைகளில் திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என்று அறிவிக்கும்போது கைதட்டுகிறவர்களில் பலர் திருவொற்றியூர் பக்கம் வந்தே இருக்கமாட்டார்கள்.

எனக்கு இன்னும் பிடித்தது வேறொரு கலை. 1950களின் நடுவிலிருந்து திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் புல்லட் மோட்டார் சைக்கிள் செய்தார்கள். பெட்ரோல் டேங்க்கில் ஓடும் அந்தத் தங்கக் கோட்டை இயந்திரம் போடவில்லை. அளவுகோல் கிடையாது, ஒட்டுப்படமும் கிடையாது. மெல்லிய தூரிகையைத் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, டேங்க்கின் வளைவோடு கையை ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போவார்கள். லண்டன் வரைக்கும் ஓடிய வடசென்னைக் கோடு அது. அதற்குக் கண்காட்சி யார் வைத்தார்கள்?

தன் தொழிலைக் காட்சிக்கு வைத்த ஊரும் உண்டு, கனடாவில் செமெய்னஸ் என்று ஒரு சின்ன ஊர். மர அறுவை ஆலையை நம்பிப் பிழைத்த ஊர் அது. ஆலை தள்ளாடத் தொடங்கியதும் 1982இல் சுவர்களில் தங்கள் கதையை வரைய ஆரம்பித்தார்கள்: மரம் வெட்டியவர்கள், ரயில், பழங்குடிகள், சீனத் தொழிலாளிகள். மறு ஆண்டே ஆலை மூடப்பட்டது. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் இருக்கின்றன, பார்க்க ஊர் ஊராக வருகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் சுற்றுலா வருமானத்துக்காக நாமும் இதைச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு உடன்பாடில்லை. எங்களுக்குக் காரணம் வேறு.

எண்ணூருக்குப் போனால் அது புரியும். கொசஸ்தலையாறு கடல் சேரும் முகத்துவாரம். இருளர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் இறால் தடவிய இடம். அனல்மின் நிலையக் குழாய்களில் கசிந்த சாம்பல் அங்கே சேறாகப் படிந்து கிடக்கிறது. 2017இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா புறம்போக்குப் பாடலைப் பாடிப் படம்பிடித்தது இங்கேதான். தியாகராஜர் வந்துபோன பிறகு, கர்நாடக இசை இந்தக் கரைக்கு மறுபடி வந்துசேர அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

அதே காலத்தில் இன்னொன்றும் வெளியே வந்தது. 1996இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடலோர வரைபடத்தில் கழிமுகம் முழுதாக இருக்கிறது. பின்னால் மாநில அதிகாரிகள் காட்டிய வரைபடத்தில் அதன் பெரும்பகுதி இல்லை. காகிதத்தில் ஓர் ஆற்றையே காணோம்! அது பொய் என்று சொல்ல மீனவர்களுக்கு நிபுணர் தேவைப்படவில்லை. எந்த இடத்தில் எத்தனை ஆழம், எங்கே வலை போடலாம் என்று அவர்களுக்குத் தெரியும். தினம் பார்த்த கண் அது. ராயபுரத்தில் அந்தத் தூண்கள் நாளைக்குக் காணாமல் போனால், அவை இருந்தன என்று சாட்சி சொல்ல எங்களில் எத்தனை பேர் தேறுவோம்? பார்க்காத ஊரில் எதை எடுத்தாலும் கேட்பதற்கு ஆள் இருக்காது. கெட்டுப்போவது அதுதான்.

2021 முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. விம்கோ ஒரு தீப்பெட்டிக் கம்பெனியாக இருந்தது என்று அங்கே இறங்கும் கல்லூரிப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அந்த ஆலைக்கு ஷிப்டு போய்வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இந்தத் தெருக்களில்தான் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்வதையே நிலையத்தின் ஒரு சுவரில் வரையச் சொல்லி மெட்ரோ நிர்வாகத்துக்கு எழுதப்போகிறேன். நீங்களும் ஒரு கடிதம் போடுங்கள். தமிழில் எழுதினாலே போதும்.